மருந்தும் ஒளியும் சந்திக்கும் இடம்

(ஜெர்மனியின் மியூனிக் நகரில் தமிழர்கள் கூடிய மாலை நிகழ்வு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஒளி பட்டால் வேலை செய்யத் தொடங்கும் நானோ துகள்கள் புற்றுநோயை அழிக்கின்றன என்ற செய்தியை உங்களில் பலர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு சித்தப்பா அனுப்பியிருப்பார். அதற்குக் கீழே நாலைந்து பேர் கைகூப்பியிருப்பார்கள். அந்தச் செய்தி பொய்யா என்றால், பொய் இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் புற்றுச் செல்களை ஒளியைக் கொண்டு கொல்ல முடியும். எலியின் தோலுக்கடியில் வளர்த்த கட்டியையும் கரைக்க முடியும். அப்படியானால் நம் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், மருத்துவர் ஏன் இன்னமும் கத்தியையும் கதிர்வீச்சையும் கீமோதெரபியையுமே சொல்கிறார்? இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை தேடப் போகிறோம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளியால் ஒரு செல்லைக் கொல்வது எளிது. மருந்தும் ஒளியும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வேண்டிய இடத்தில் மட்டும் சந்திக்கும்படி செய்வதுதான் கடினம். இந்தத் துறையின் நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாறு அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்ய நடந்த முயற்சிகளின் வரலாறு. அது தொடங்கியது வேறெங்கும் இல்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இதே மியூனிக்கில்.

ஒரு மாணவரின் சந்தேகம்

1897-98 குளிர்காலப் பருவம். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஃபொன் டப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஓஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பல ஆய்வகங்கள் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தன. அக்ரிடின் என்ற வேதிப்பொருள் ஒருசெல் உயிரிகளை எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் ராபுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. குட்டைத் தண்ணீரில் நீந்தும் பரமீசியத்தை எடுத்து, அக்ரிடின் கரைசலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று குறித்துவந்தார்.

கணக்கு ஒத்துவரவில்லை. அதே கரைசல், அதே அளவு, அதே உயிரி. ஒரு நாள் சட்டென்று செத்தன. இன்னொரு நாள் நெடுநேரம் உயிரோடு நீந்தின. வேறு ஒருவராக இருந்தால் கை பிசகிவிட்டது என்று அந்த நாளின் எண்களை அடித்துவிட்டு நகர்ந்திருப்பார். ராப் அந்த இரண்டு நாட்களிலும் வேறென்ன மாறியது என்று யோசித்தார். மெதுவாகச் செத்த நாளில் வெளியே இடி மழை, அறைக்குள் வெளிச்சம் குறைவு என்று இந்த வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு அவர் இருட்டிலும் வெளிச்சத்திலுமாகத் திட்டமிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். அக்ரிடின் மட்டும் இருந்தபோது பரமீசியம் பிழைத்தது. ஒளி மட்டும் பட்டபோதும் பிழைத்தது. இரண்டும் சேர்ந்தபோது செத்தது. இந்த முடிவு 1900இல் அச்சில் வந்தது.

டப்பைனர் அதோடு விடவில்லை. பரமீசியத்தைக் கொல்லும் இந்தச் சேர்க்கை மனிதனின் நோய்ச் செல்லையும் கொல்லுமா என்று கேட்டார். 1903இல் தோல் மருத்துவர் ஆல்பர்ட் யேசியோனெக்குடன் சேர்ந்து, தோல் கட்டிகளின்மேல் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பூசி ஒளியில் காட்டினார். நாம் அறிந்தவரை ஒளியையும் சாயத்தையும் சேர்த்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தந்த முதல் முயற்சி அதுதான். அடுத்த ஆண்டே ஆல்பர்ட் யோடில்பவருடன் சேர்ந்து இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்த வினை நடப்பதில்லை. ஆக, சாயம், ஒளி, ஆக்சிஜன் மூன்றும் கூட வேண்டும்.

இது ஏன் ஜெர்மனியில் நடந்தது? அன்றைய உலகின் சாயத் தொழில் இங்கேதான் குவிந்திருந்தது. ஈயோசினை 1874இல் உருவாக்கிய ஹைன்ரிஷ் காரோ, லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப் தொழிற்சாலையின் வேதியியலாளர். அக்ரிடினும் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். துணிக்கு நிறம் ஏற்றுவதற்காகச் செய்த பொருள்கள் ஆய்வுக்கூட அலமாரிகளில் வரிசையாக இருந்தன. பவுல் எர்லிஷ் 1891இல் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருந்தார். சாயம் சில திசுக்களில் மட்டும் ஒட்டுகிறது என்றால், மருந்தையும் சில செல்களுக்கு மட்டும் அனுப்பலாமே என்ற சிந்தனை அவருடையது. நானோ மருத்துவம் பேசுகிறவர்கள் இன்றும் அவர் சொன்ன மந்திரத் தோட்டாவைத்தான் பேசுகிறார்கள்.

இரண்டு சாவிகள்

வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் வேண்டும், நம் சாவியும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை தடவை திருகினாலும் கதவு திறக்காது. ஒளி மருந்தின் அழகும் அதில்தான் இருக்கிறது. கீமோதெரபி மருந்து ஒற்றைச் சாவி. அது இரத்தத்தில் கலந்தால், வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் தாக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். ஒளி மருந்து உடல் முழுவதும் பரவியிருந்தாலும், ஒளி விழும் இடத்தில் மட்டுமே நஞ்சாகும்.

உள்ளே நடப்பது என்ன? சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. கிளர்ந்த அந்த ஆக்சிஜன் கண்ட பொருளோடெல்லாம் வினைபுரியும். செல்லின் சவ்வைக் கிழிக்கும், புரதங்களைச் சிதைக்கும். ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு. ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டமுடியாமல் அடங்கிவிடும். அதனால்தான் சேதம் உண்டான இடத்திலேயே நிற்கிறது.

இந்தக் கிளர்ந்த ஆக்சிஜன் உண்மையில் ஒரு தூதுவனைப் போலத் தனியே பயணம் செய்கிறது என்பதை 1931இல் ஹைடல்பெர்க்கில் ஹான்ஸ் கவுட்ஸ்கி மிக எளிய சோதனையில் காட்டினார். சில சிலிக்கா மணிகளில் அக்ரிடின் வகைச் சாயம் ஒன்றை ஏற்றினார். வேறு சில மணிகளில், ஆக்சிஜனேற்றம் நடந்தால் பச்சையாக மாறும் நிறமற்ற பொருளை ஏற்றினார். இரண்டு வகை மணிகளையும் கலந்து ஒளியைக் காட்டினார். சாயமும் மற்ற பொருளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இருந்தும் நிறமற்ற மணிகள் பச்சையாயின. நடுவே ஏதோ ஒன்று பறந்து போயிருக்க வேண்டும். அது ஆக்சிஜன்தான் என்றார் கவுட்ஸ்கி. அறிவியல் உலகம் அதை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி, சாவியைத் தவறான இடத்தில் திருகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1912இல் ஃபிரீட்ரிஷ் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், இரத்தத்தின் நிறப்பொருளிலிருந்து கிடைக்கும் ஹீமட்டோபோர்ஃபிரின் 200 மில்லிகிராமைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். பிறகு வெயிலில் நடந்தார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கியது. முகம் அடையாளம் தெரியாத அளவு உப்பியதை அவரது படங்கள் காட்டுகின்றன. உடை மறைத்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஒவ்வாமை மாதக்கணக்கில் நீடித்தது. மருந்து ஒன்றே, ஒளி ஒன்றே. இடம் மாறியது, சிகிச்சையாக வேண்டியது தீக்காயமாயிற்று.

நம் சித்த மருத்துவர்களுக்கும் இந்தச் சேர்க்கை பழக்கமானது. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து, வெயில் காட்டச் சொல்வார்கள். அந்த விதையில் சோரலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சோரலனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்த சிகிச்சை 1970களில் நவீன தோல் மருத்துவத்தில் பரவியது. 1988இல் அமெரிக்காவில், தோலைத் தாக்கும் ஒருவகை டி-செல் புற்றுநோய்க்கு, நோயாளிக்குச் சோரலன் கொடுத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, கதிர் காட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறைக்கு அனுமதி கிடைத்தது. ஒளியை உடலுக்குள் அனுப்ப முடியவில்லையா, செல்லை வெளியே கொண்டுவா என்ற தந்திரம் அது. ஆனால் சோரலனும் புற ஊதாக் கதிரும் நெடுநாள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஒளி எவ்வளவு ஆழம் போகும்?

உங்கள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு விரல்நுனியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். வெள்ளை விளக்குதான், ஆனால் விரலின் மறுபக்கம் சிவப்பாகத் தெரிகிறது. நீலமும் பச்சையும் எங்கே போயின? இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்தது.

இந்தத் துறையின் மிகப்பெரிய தடை இதுதான். சுமார் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடச் சரியாகப் போகாது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் போகும். 700 முதல் 900 வரையுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் கொஞ்சம் ஆழமாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் பயன்படும்படி போகும். அதற்கு மேல் போனால் திசுவில் உள்ள தண்ணீர் விழுங்கத் தொடங்கும். கல்லீரலுக்குள் இருக்கும் கட்டிக்கு மேலிருந்து விளக்கடித்துப் பயனில்லை. அந்த இடத்துக்கு ஒளியிழையை ஊசிவழியே உள்ளே அனுப்ப வேண்டும்.

எலியின் தோலுக்கடியில் உள்ள கட்டி ஏன் அவ்வளவு அழகாகக் கரைகிறது என்பது இப்போது உங்களுக்குப் புரியும். எலி சின்ன விலங்கு. கட்டி தோலுக்குக் கீழேயே இருக்கிறது. ஒளி முழுக்கத் துளைத்துவிடும். மனித உடலில் அந்த வசதி இல்லை.

சிவப்புக் கண்ணாடியிலிருந்து தங்கத் துகளுக்கு

இங்கேதான் நானோ துகள் வருகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் சிவப்பணுவின் குறுக்களவு 7,000 நானோமீட்டருக்கு மேல். நாம் பேசும் துகள்கள் பத்திலிருந்து இருநூறு நானோமீட்டருக்குள் அடங்குபவை.

தங்கத் துகளின் கதையும் இந்த நாட்டில்தான் வேர்விட்டது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்காகப் பொட்ஸ்டம் அருகே மயில் தீவில் இருந்த கூடத்தில் யோஹன் குங்கெல் தங்கத்தைக் கலந்து செந்நிறக் கண்ணாடி செய்தார். மஞ்சளாக இருக்கும் தங்கம் கண்ணாடிக்குள் ஏன் சிவக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யேனா நகரில் ஷாட் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த வியன்னாக்காரர் ரிச்சர்ட் சிக்மண்டி அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். ஸைஸ் நிறுவனத்தின் ஹென்றி சீடன்டோஃப்புடன் சேர்ந்து 1903 வாக்கில் மீநுண்ணோக்கியை உருவாக்கி, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதைப் பார்த்தார். பின்னர் கெட்டிங்கனில் பேராசிரியரானார். 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்குள், 1908இல், பால்டிக் கடலோர கிரைஃப்ஸ்வால்டில் குஸ்டாவ் மீ என்ற இயற்பியலாளர், சின்னஞ்சிறு கோளத்தில் ஒளி பட்டால் எவ்வளவு விழுங்கப்படும், எவ்வளவு சிதறும் என்ற கணக்கை முழுமையாக எழுதிவிட்டார். அவர் அந்தக் கணக்கைப் போட்டதே தங்கக் கரைசலின் நிறங்களை விளக்கத்தான்.

மீயின் கணக்கு சொல்வது இது: தங்கத் துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட நிற ஒளிக்கு மட்டும் ஒரே தாளத்தில் ஊசலாடும். சின்னத் தங்கக் கோளம் சுமார் 520 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்குகிறது. பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பு. அதுதான் கண்ணாடியின் செந்நிறம். ஆனால் துகளின் வடிவத்தை மாற்றினால் விழுங்கும் நிறமும் மாறும். கோளத்தைக் குச்சியாக நீட்டலாம். அல்லது சிலிக்கா உருண்டைக்குத் தங்க முலாம் பூசலாம். அப்போது அது திசுவுக்குள் நன்றாகப் போகும் 800 நானோமீட்டர் ஒளியை விழுங்கத் தொடங்கும். விழுங்கிய ஆற்றல் வெப்பமாக வெளியேறும். சாயம் செல்லை ஆக்சிஜனால் கொல்கிறது, தங்கம் சூட்டால் கொல்கிறது. பல கட்டிகளின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

டப்பைனரின் மியூனிக் வழியும், மீயின் தங்க வழியும் ஒன்றுசேர நூறாண்டு ஆயிற்று. சேர்த்து வைத்தவர்கள் அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்டும். 2003இல் தங்க முலாம் பூசிய உருண்டைகளை எலிக் கட்டியில் காட்டினார்கள். 2019இல் நியூயார்க்கில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 16 பேருக்கு நடந்த முதல் மனித ஆய்வின் முடிவு வந்தது. சுமார் 150 நானோமீட்டர் துகள்களை இரத்தக்குழாய் வழியே ஏற்றி, பிறகு லேசர் ஒளியிழையைப் புராஸ்டேட்டுக்குள் செலுத்திக் கட்டியைச் சுட்டார்கள். 16 பேரில் 15 பேருக்குத் திட்டமிட்டபடி செய்ய முடிந்தது. சிறுநீர், பாலியல் செயல்பாடுகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. நல்ல செய்திதான். ஆனால் பதினாறு பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. ஒளியிழையை உள்ளே அனுப்பித்தான் ஆகவேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. தங்கம் என்றதும் தங்க பஸ்பம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. வாயில் போட்டுக்கொள்ளும் பஸ்பத்துக்கு லேசர் தெரியாது. நானோ தங்கம் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு விற்கப்படும் எதையும் புற்றுநோய்க்கு மருந்து என்று நம்பி வாங்கவேண்டாம்.

நூற்றில் ஒன்றுகூடச் சேரவில்லை

இப்போது மற்றச் சாவிக்கு வருவோம். ஒளியை ஒருவழியாக அனுப்பிவிட்டோம். துகள் போய்ச் சேர்கிறதா?

1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் ஒன்றைக் கவனித்தார்கள். கட்டிகளின் இரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர்போல ஓட்டையும் இடுக்குமாக இருக்கும். பெரிய மூலக்கூறுகள் அந்த ஓட்டைகள் வழியாகக் கசிந்து உள்ளே போய்த் தங்கிவிடும். நானோ மருத்துவத்தின் முப்பது ஆண்டு நம்பிக்கை இதன்மேல்தான் கட்டப்பட்டது. துகளை இரத்தத்தில் விட்டால் போதும், கட்டி தானே இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள்.

2016இல் டொரன்டோவின் வாரன் சான் குழு, முந்தைய பத்தாண்டில் வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டது. உடலில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? இடைநிலை அளவு 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை. மற்றவை என்ன ஆயின? பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொண்டன. அந்நியப் பொருளை வடிகட்டுவதுதான் அவற்றின் வேலை. இதுவும் எலிகளில் கிடைத்த கணக்குதான். மனிதரின் கட்டிகள் ஆளுக்கு ஆள் மாறும்.

செய்தித்தாளில் இந்த எண் வருவதில்லை. மருத்துவமனைக்குப் போகும் பாதையில் பல நானோ மருந்துகள் நின்றுபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மனியில் இன்று கையில் இருப்பவை

அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பும் வீணா? இல்லவே இல்லை. சந்திப்பை எங்கே ஏற்பாடு செய்ய முடிகிறதோ, அங்கே இந்த மருத்துவம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதலில் தோல். லெவர்குசன் என்ற ஊர், கார்ல் லெவர்குஸ் என்ற சாயத் தொழிலதிபரின் பெயரைச் சுமப்பது. அதே ஊரின் பயோஃபிரான்டெரா நிறுவனம் உருவாக்கிய அமெலுஸ் என்ற பசைமருந்துக்கு 2011இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. அமினோலெவுலினிக் அமிலம் என்ற பொருளை நானோ அளவுக் கொழுப்புத் துளிகளில் கலந்து, தோலுக்குள் நன்றாக ஊடுருவும்படி செய்திருக்கிறார்கள். வெயிலால் வரும், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சொரசொரப்புத் திட்டுகளுக்கு அதைப் பூசி, சில மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கைக் காட்டுவார்கள். பின்னர் ஆழமில்லாத சில தோல் புற்றுநோய்களுக்கும் அனுமதி விரிந்தது. 1903இல் யேசியோனெக் ஈயோசினைப் பூசியதன் நேர் வாரிசு இது. சிகிச்சையின்போது நன்றாக எரியும், வலிக்கும் என்பதையும் நோயாளிகள் சொல்வார்கள்.

அடுத்தது வாயும் தொண்டையும். டெமோபோர்ஃபின் என்ற மருந்துக்கு, ஃபாஸ்கன் என்ற பெயரில், 2001இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குத் துன்பம் தணிக்க. ஊசி போட்டு நான்கு நாள் கழித்து 652 நானோமீட்டர் லேசர் ஒளியைக் காட்டுகிறார்கள். அந்த மருந்தோடு தொடர்புள்ள பயோலிடெக் நிறுவனம் யேனாவில் வேர்கொண்டது. நோயாளி வாரக்கணக்கில் வெயிலுக்கும் பிரகாசமான விளக்குக்கும் ஒதுங்கி இருக்க வேண்டும். மையர்-பெட்ஸின் வீங்கிய முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தை லிபோசோம் என்ற கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, தோலில் தங்குவதைக் குறைக்க முடியுமா என்ற ஆய்வும் நடந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கொல்வதற்கு ஒளியைப் பயன்படுத்தவில்லை, காட்டுவதற்குப் பயன்படுத்தியது. மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா நல்ல திசுவுக்குள் விரல்விட்டுப் பரவும். எது கட்டி, எது மூளை என்று அறுவை மருத்துவருக்கு வெறும் கண்ணால் தெரியாது. கூடுதலாக வெட்டினால் பேச்சு போகலாம், கை கால் போகலாம். குறைத்து வெட்டினால் கட்டி மீண்டும் வளரும். மியூனிக்கின் நரம்பு அறுவை மருத்துவர் வால்டர் ஸ்டும்மர், அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளிக்கு அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்தார். நம் உடல் ஹீமோகுளோபின் செய்யும் பாதையில் வரும் இடைப்பொருள் ஒன்று அந்தக் கட்டியில் சேர்ந்துவிடுகிறது. நீல ஒளியை அடித்தால் கட்டி சிவப்பாக ஒளிர்கிறது.

2006இல் வெளியான ஆய்வில் ஜெர்மனியின் 17 மையங்கள் பங்கேற்றன. ஒளிர்வைப் பார்த்து அறுவை செய்தவர்களில் 65 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. சாதாரண வெள்ளை விளக்கில் செய்தவர்களில் 36 சதவீதம்தான். நோய் பெருகாமல் ஆறு மாதம் கடந்தவர்கள் 41 சதவீதம், மற்றக் குழுவில் 21 சதவீதம். மொத்த வாழ்நாளில் அந்த ஆய்வு தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை, அதற்காக வடிவமைக்கப்படவும் இல்லை. 2007இல் ஐரோப்பாவும் 2017இல் அமெரிக்காவும் இதற்கு அனுமதி தந்தன. இங்கே சந்திப்புச் சிக்கல் எப்படித் தீர்ந்தது பாருங்கள்: மண்டையோடு ஏற்கெனவே திறந்திருக்கிறது, ஒளி நேரே விழுகிறது. கொல்லும் வேலையைக் கத்தி செய்கிறது.

ஒளி போகாத ஆழத்தில்

ஒளி எட்டாத ஆழத்துக்கு வேறு வழியைத் தேடினால் என்ன? பெர்லினில் ஷரிடே மருத்துவமனையின் ஆய்வுச் சூழலில் வளர்ந்த ஆண்ட்ரியாஸ் யோர்டன், ஒளிக்குப் பதில் காந்தப் புலத்தை எடுத்துக்கொண்டார். இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை நேரே மூளைக் கட்டிக்குள் ஊசியால் ஏற்றி, மாறும் காந்தப் புலத்தில் வைத்தால் துகள்கள் சூடேறும். காந்தப் புலத்துக்கு மண்டையோடு தடையில்லை. மாக்ஃபோர்ஸ் என்ற அவரது நிறுவனத்துக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. ஆனால் பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. துகள்கள் இருந்த மூளையை அதற்குப்பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க முடியவில்லை. 2022இல் நிறுவனம் திவாலாயிற்று. கருத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது. நோயாளிக்கு அதன் விலையைவிடப் பயன் கூடுதல் என்று பெரிய ஆய்வுகள் காட்ட வேண்டும்.

இன்னொரு வழி எக்ஸ் கதிர். 1895இல் வூர்ட்ஸ்பர்க்கில் ரோன்ட்ஜென் கண்டுபிடித்த அந்தக் கதிர் உடலைத் துளைத்துப் போகும். ஹாஃப்னியம் ஆக்சைடு நானோ துகளைக் கட்டிக்குள் ஏற்றிவிட்டு, வழக்கமான கதிர்வீச்சைக் கொடுத்தால், துகள் இருக்கும் இடத்தில் மட்டும் கதிரின் தாக்கம் பெருகும். பிரெஞ்சு நிறுவனம் ஒன்று உருவாக்கிய இந்தத் துகளுக்கு, கை கால்களின் மென்திசுப் புற்றுநோய்க்காக 2019இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. ஆய்வில் கட்டி கிட்டத்தட்ட முழுவதும் செத்துப்போன நோயாளிகளின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக உயர்ந்தது. கவனியுங்கள், இரண்டு முயற்சியிலும் துகளை இரத்தத்தில் மிதக்கவிடவில்லை. ஊசியால் கட்டிக்குள்ளேயே வைத்தார்கள். 0.7 சதவீதச் சிக்கலைச் சுற்றிப்போகும் வழி அது.

நம் ஊருக்கு இதில் என்ன?

இவ்வளவும் கேட்டுவிட்டு, இது பணக்கார நாட்டின் மருத்துவம் என்று யாராவது நினைத்தால், அது சரியில்லை. ஒளி மருத்துவத்துக்கு மிகவும் ஏற்ற புற்றுநோய் நம் ஊரில்தான் மலிந்துகிடக்கிறது. அது வாய்ப் புற்றுநோய். புகையிலை, பாக்கு, பான், குட்கா. வாயைத் திறந்தால் கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, ஒளி நேரே விழுகிறது. மருந்தும் ஒளியும் சந்திக்க இதைவிட வசதியான இடங்கள் உடம்பில் குறைவு.

அமெரிக்க ஆய்வாளர்கள் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து, ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோய்க்கு இதைச் செய்துபார்த்தார்கள். விலை உயர்ந்த லேசர் இல்லை. பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கு, மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும். அதே அமினோலெவுலினிக் அமிலம். கட்டியின் ஒளிர்வைப் படம்பிடிக்கக் கைப்பேசி. அது ஒரு சிறிய ஆய்வு, ஆனால் திசை சரியானது. எந்தத் தங்கத் துகளும் இல்லாமல், டப்பைனர் அறிந்திருந்த அதே மூன்று பொருள்களை வைத்து நடந்தது அது.

ஆகவே அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த உடம்பில் செய்தார்கள், தட்டிலா, எலியிலா, மனிதரிலா? அந்தக் கட்டி ஒளிக்கு எட்டும் ஆழத்தில் இருந்ததா? மருந்தில் எவ்வளவு கட்டியைச் சேர்ந்தது, மிச்சம் எங்கே போயிற்று? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் நம்பிக்கையோடு படியுங்கள். இல்லாவிட்டால், அது ஆய்வுக்கூடத்துக்கு நல்ல செய்தி, நோயாளிக்கு இன்னும் இல்லை. அந்தச் செய்தியை நம்பி, மருத்துவர் சொன்ன அறுவையை யாரும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக ஒன்று. இங்கே வந்திருப்பவர்களில் பலரது அப்பாவோ மாமாவோ ஊரில் வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவராக இருப்பார். இன்று இரவு கூப்பிட்டுப் பேசும்போது, வாயில் ஆறாத புண் இருக்கிறதா, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பல் மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கத்தியும் காப்பாற்றும், கதிரும் காப்பாற்றும், நாளை ஒளியும் காப்பாற்றும். முற்றிய பிறகு எந்த நானோ துகளும் அந்த வாய்ப்பைத் திருப்பித் தராது.